பணியிடத்தில் உளவியலாளருக்கு என்ன வேலை?

இருநூறு பேர் பணியாற்றும் ஒரு நிறுவனத்தில் மனிதவளப் பொறுப்பில் இருக்கும் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது: "மாதத்துக்கு இரண்டு நாள் வந்துபோகும்படி ஓர் உளவியலாளரை அமர்த்த நிர்வாகம் யோசிக்கிறது. மனம் நொந்திருப்பவர்களிடம் பேசித் தேற்றுவதைத் தவிர, உளவியலால் ஒரு நிறுவனத்துக்கு உருப்படியாக என்ன செய்ய முடியும்?" இத்துறையில் பல ஆண்டுகள் இருப்பவன் என்ற முறையில் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன். உளவியல் என்றவுடன் மூடிய அறையும் இரண்டு நாற்காலியும் தாழ்ந்த குரலும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால், வேலையைப் பற்றிய உளவியல் பிறந்தது அப்படிப்பட்ட அறையில் அல்ல. டிராம் வண்டியிலும் தொழிற்சாலையிலும்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த ஹ்யூகோ மன்ஸ்டர்பர்க், டிராம் ஓட்டுவதற்கு உகந்தவர்களைச் சோதனை வைத்துத் தேர்ந்தெடுக்க முடியுமா என்று ஆராய்ந்தார். தொழில்துறைக்கு உளவியல் எவ்வாறு பயன்படும் என்பதைப் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1913-இல் வெளிவந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளை ஆராய்ந்த எச். எம். வெர்னான், அளவுக்கு மீறி நீண்ட வேலைநேரத்தைக் குறைத்த பிறகும் உற்பத்தி சரியவில்லை, சில இடங்களில் கூடியது என்று கணக்கெடுத்துக் காட்டினார். இவ்விரண்டும் இரண்டு வேறு வழிகள். முன்னது வேலைக்கு ஏற்ற ஆளைத் தேடுவது. பின்னது ஆளுக்கு ஏற்றபடி வேலையை மாற்றுவது. நூறாண்டுகளுக்கு மேலாக இத்துறை இவ்விரு வழிகளிலும் நடந்து வந்திருக்கிறது. நிறுவனங்கள் பெரும்பாலும் பணம் கொடுத்து வாங்குவது முதல் வழியை. அதிகப் பலன் தந்திருப்பது இரண்டாம் வழி என்பது என் கணிப்பு. அதற்கான காரணத்தைச் சொல்வதற்கு ஒரு விமானியின் இருக்கையிலிருந்து தொடங்குவதுதான் எளிது.

இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கி ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென வயிறு தரையில் மோதி உராய்ந்த விபத்துகள் திரும்பத் திரும்ப நடந்தன. இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடிப்புகளை ஏற்றவேண்டிய விமானி, அதற்குப் பதிலாகச் சக்கரங்களை உள்ளிழுக்கும் விசையை இயக்கிவிட்டிருந்தார். விசாரணைக் குறிப்புகள் இதை விமானியின் தவறு என்று எழுதி முடித்தன. ஆல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் விமானிகளின் மனநிலையை ஆராயவில்லை. அவர்கள் உட்காரும் இடத்துக்குப் போய்ப் பார்த்தார். இரண்டு விசைகளும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே வடிவில் இருந்தன. பல மணி நேரம் பறந்து களைத்தவன் கண்ணை ஓடுபாதையில் வைத்துக்கொண்டு கையால் துழாவினால் எது எது என்று எப்படித் தெரியும்? சக்கர விசையின் முனையில் சிறு சக்கரம் போன்ற குமிழையும், மடிப்பு விசையின் முனையில் ஆப்பு வடிவக் குமிழையும் பொருத்தினால் போதும் என்பது அவர் கண்ட தீர்வு. கை தொட்டவுடனே வேறுபாடு தெரிந்துவிடும். விமானிகளுக்குக் கூடுதல் பயிற்சியோ தண்டனையோ தேவைப்படவில்லை.

எந்த அலுவலகத்துக்கும் பொருந்தும் ஒரு சோதனையை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஒரு தவறு ஒரு குறிப்பிட்ட ஆளோடு சேர்ந்து இடம் மாறினால் அந்த ஆளைக் கவனியுங்கள். ஆள் மாறியும் தவறு அதே மேசையில், அதே படிவத்தில், அதே மாதக் கடைசியில் வருகிறதென்றால் அந்த மேசையையும் படிவத்தையும் மாதக் கடைசியையும் கவனியுங்கள். சொல்வதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவர் செய்த தவறுக்கு அவருடைய சூழலைவிட அவருடைய குணத்தையே காரணமாகப் பார்க்கும் சாய்வு நம் எல்லோரிடமும் இருக்கிறது என்பதும் உளவியல் நிலைநாட்டிய செய்திதான். ஆகவேதான் வெளியிலிருந்து, அதற்கென்றே பயிற்சி பெற்ற ஒரு கண் தேவைப்படுகிறது.

முதல் வழியை நான் ஒதுக்கவில்லை. ஆளெடுப்பில் உளவியல் சொல்லும் செய்தி மிகத் தெளிவானது, அதனாலேயே மிகவும் புறக்கணிக்கப்படுவதும்கூட. வழக்கமான நேர்காணலை நினைத்துப் பாருங்கள். ஒருவர் உள்ளே வருகிறார், கைகுலுக்குகிறார், உட்காருகிறார். முதல் சில நிமிடங்களில் தேர்வாளர் மனத்துக்குள் ஒரு முடிவு உருவாகிவிடுகிறது. பிடித்துப்போனவரிடம் எளிய கேள்விகளும், பிடிக்காதவரிடம் மடக்கும் கேள்விகளும் தம்மையறியாமலே பிறக்கின்றன. ஒரு நல்ல குணத்தைக் கண்டவுடன் மற்ற குணங்களும் நன்றாகத் தெரியத் தொடங்கும் இந்த மயக்கத்தை, இராணுவ அதிகாரிகள் தம் கீழுள்ளவர்களுக்கு இட்ட மதிப்பெண்களை வைத்து எட்வர்டு தார்ண்டைக் 1920-லேயே சுட்டிக்காட்டினார். இதற்கு மாற்று, எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்பதும், எந்தப் பதிலுக்கு எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதும், தேர்வாளர்கள் ஒருவரோடொருவர் பேசுவதற்கு முன் தனித்தனியே மதிப்பெண் இடுவதும்தான். பால் சாக்கெட்டும் அவருடைய குழுவினரும் முந்தைய ஆய்வுகளின் கணக்குகளைத் திருத்தி 2022-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், இவ்வாறு கட்டமைத்த நேர்காணலுக்கும் பின்னாளைய வேலைத்திறனுக்கும் உள்ள ஒட்டுறவுக் கெழு 0.42; கட்டமைக்காத பேச்சு நேர்காணலுக்கு அது 0.19. கெழு 1 என்றால் முழுமையான முன்கணிப்பு, 0 என்றால் காசு சுண்டிப் பார்ப்பதற்குச் சமம் என்று வைத்துக்கொண்டால் வேறுபாடு புரியும். அதே மதிப்பீட்டில், எத்தனை ஆண்டு அனுபவம் என்ற எண் கிட்டத்தட்ட எதையுமே முன்கணிக்கவில்லை. வேலை விளம்பரங்களில் அதுதான் முதல் வரியாக நிற்கிறது.

இதைச் சொல்லும்போது மூத்த மேலாளர்கள் முகம் சுளிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடைபோட்டுவிடுவேன் என்ற நம்பிக்கை இருபது ஆண்டுகளில் சேர்த்த சொத்து. அதை ஒரு கேள்வித்தாளுக்காக யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்களே மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரிக்கும் ஆளுமை வினாத்தாளுக்கு மகிழ்ச்சியோடு பணம் ஒதுக்குவார்கள். அவ்வகைத் தாள்களைச் சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் கணிசமானோர் வேறு பெட்டியில் போய் விழுகிறார்கள். குழுவினர் உட்கார்ந்து சுவையாகப் பேசிக்கொள்ள அவை பயன்படலாம். யாருக்கு வேலை தருவது, யாரை உயர்த்துவது என்று தீர்மானிக்கப் பயன்படுத்தக் கூடாது.

இனி இரண்டாம் வழிக்கு வருகிறேன். இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கம். அங்கே முன்பு சிறு சிறு குழுக்கள் தமக்குள் ஆள் சேர்த்துக்கொண்டு, வெட்டுவது, அள்ளுவது, முட்டுக் கொடுப்பது என எல்லா வேலையையும் தாமே பார்த்தன. பிறகு இயந்திரங்கள் வந்தன. நீண்ட சுவராக நிலக்கரியை வெட்டும் முறையில் வேலை மூன்று ஷிப்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு ஷிப்டுக்கும் வேலைச் சுழற்சியின் ஒரு துண்டு மட்டும் தரப்பட்டது. காகிதத்தில் இது திறமையான ஏற்பாடு. சுரங்கத்துக்குள் நடந்தது வேறு: முந்தைய ஷிப்டு அரைகுறையாக விட்ட வேலையின் சுமை அடுத்த ஷிப்டின் தலையில் விழுந்தது, ஒருவரை ஒருவர் பார்த்தே இராதவர்கள் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டார்கள், வராமல் நின்றுவிடுவோர் பெருகினர். லண்டனில் உள்ள டாவிஸ்டாக் என்ற ஆய்வு நிறுவனத்தின் எரிக் டிரிஸ்டும், தாமே சுரங்கத்தில் வேலை பார்த்திருந்த கென் பாம்ஃபோர்த்தும் 1951-இல் இதை எழுதினார்கள். அதே இயந்திரங்களை வைத்துக்கொண்டே, முழுச் சுழற்சிக்கும் ஒரே குழு பொறுப்பேற்று வேலையைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்ட சுரங்கங்கள் நன்றாக ஓடியதையும் டிரிஸ்ட் பின்னர் ஆராய்ந்தார். ஆட்களும் அதே வகையினர், கருவிகளும் அதேதான். மாறியது வேலையை வெட்டிப் பிரித்த விதம் மட்டுமே.

வேலையின் சுமையைவிட, அந்தச் சுமையை எப்படித் தூக்குவது என்று தீர்மானிக்கும் உரிமை நம்மிடம் இருக்கிறதா என்பதே முக்கியம் என்ற கருத்தை ராபர்ட் கராசெக் 1979-இல் ஒரு கோட்பாடாக வகுத்தார். சுமை மிகுந்து உரிமை குறைந்த வேலைதான் ஆளை அரித்துவிடும் என்பது அதன் சாரம். பிரிட்டிஷ் அரசு ஊழியர்களிடையே 1985-இல் தொடங்கிய, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற வைட்ஹால் ஆய்வின் இரண்டாம் கட்டத்திலிருந்து கிடைத்த செய்தியும் இதனோடு ஒத்துப்போகிறது. இதயநோய் உயரதிகாரிகளுக்கு வருவது என்பதுதான் பொதுவான நம்பிக்கை. அங்கே கீழ்ப்படிகளில் இருந்தவர்களிடம்தான் அது அதிகம் காணப்பட்டது. தம் வேலையின்மீது தமக்கிருந்த கட்டுப்பாடு குறைவாக இருந்ததற்கும் அந்த வேறுபாட்டில் ஒரு பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். நடைமுறையில் இதற்கு ஆகும் செலவு பெரும்பாலும் மிகக் குறைவு. எந்த வேலையை முதலில் எடுப்பது, இடைவேளையை எப்போது வைத்துக்கொள்வது, எவ்வளவு தொகை வரை மேலிடத்தைக் கேட்காமலே வாடிக்கையாளருக்குத் திருப்பித் தருவது என்பன போன்ற சிறு முடிவுகளை அந்தந்த இருக்கைக்கே விட்டுவிடுவதுதான்.

இலக்குகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதன் முதல் பாதி எல்லோருக்கும் தெரியும். "முடிந்த அளவு செய்யுங்கள்" என்பதைவிட, தெளிவான, கொஞ்சம் கடினமான இலக்கு அதிகம் சாதிக்கும். மரக்கட்டை ஏற்றும் லாரிகள் சட்டம் அனுமதித்த எடையில் சுமார் 60 சதவீதமே ஏற்றிச் சென்றுகொண்டிருந்தபோது, ஓட்டுநர்களுக்கு 94 சதவீதம் என்ற இலக்கைச் சொன்னவுடன் சில மாதங்களில் அது 90 சதவீதத்தைத் தொட்டதை கேரி லேதமும் அவருடைய சக ஆய்வாளரும் 1975-இல் பதிவு செய்தனர். இலக்கு அவ்வளவு வலுவான கருவி என்பதுதான் அதன் ஆபத்தும். தொலைபேசியில் வாடிக்கையாளர் குறைகளைக் கேட்கும் ஒரு பிரிவில் நான் இரண்டு நாள் ஒரு பெண் ஊழியரின் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்திருக்கிறேன். ஓர் அழைப்பு ஆறு நிமிடத்தைத் தாண்டினால் திரையின் மூலையில் சிவப்பு விளக்கு எரியும். ஐந்தரை நிமிடம் ஆனதும் அந்தப் பெண்ணின் குரல் மாறும். "இதை எங்கள் மேல்நிலைப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறேன்" என்று சொல்லி இணைப்பைத் துண்டிப்பார். மறுநாள் அதே வாடிக்கையாளர், இன்னும் கோபமாக, வேறொருவரிடம் பேசிக்கொண்டிருப்பார். அந்தப் பெண் சோம்பேறியல்ல. நிர்வாகம் எதை அளந்ததோ அதைத்தான் அவர் கொடுத்தார்.

ஊதியம், பதவி உயர்வு போன்ற முடிவுகளில் உளவியல் திரும்பத் திரும்பக் கண்டது இன்னொன்று: முடிவு பாதகமாக இருந்தாலும், அது எடுக்கப்பட்ட விதமும் சொல்லப்பட்ட விதமும் நியாயமாக இருந்தால் மக்கள் பெருமளவு ஏற்றுக்கொள்கிறார்கள். ஜெரால்டு கிரீன்பெர்க் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே நிறுவனத்தின் இரண்டு தொழிற்சாலைகளில் பத்து வாரத்துக்கு 15 சதவீத ஊதியக் குறைப்பு நடந்தது. ஓரிடத்தில் காரணத்தைக் கணக்குகளோடு விளக்கி, வருத்தம் தெரிவித்து, கேள்விகளுக்கு நின்று பதில் சொன்னார்கள். மற்ற இடத்தில் சில நிமிடங்களில் அறிவித்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்தப் பத்து வாரங்களில் பொருள்கள் களவு போனது இரண்டாம் தொழிற்சாலையில்தான் மிக அதிகம். ஊதியம் பழைய நிலைக்கு வந்ததும் களவும் பழைய அளவுக்கு இறங்கியது. பின்னூட்டம் தருவதும் இதே போன்றதுதான். தந்தாலே நல்லது என்று நினைக்கிறோம். ஆனால் அவ்ராகாம் க்ளூகரும் ஆஞ்சலோ டிநிசியும் 1996-இல் தொகுத்த ஆய்வுகளில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட முயற்சிகளுக்குப் பின் வேலைத்திறன் குறைந்தே போயிருந்தது. வேலையைப் பற்றிப் பேசாமல் ஆளைப் பற்றிப் பேசும் பின்னூட்டம் அப்படிப்பட்டது.

தவறைச் சொல்ல முடிகிறதா என்பது தனியே பேசவேண்டிய செய்தி. 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவின் ஓடுபாதையில் மூடுபனிக்கு நடுவே இரண்டு பெரிய விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். புறப்பட்டுக்கொண்டிருந்த விமானத்தின் பொறியாளர், எதிரே இருந்த விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று ஐயத்தோடு கேட்டது குரல்பதிவில் இருக்கிறது. தம் நிறுவனத்தின் மிக மூத்தவர்களுள் ஒருவரான தலைமை விமானி ஆம் என்று அழுத்தமாகச் சொன்னார். மற்றவர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. விமானிகளுக்கும் குழுவினருக்கும் பேசவும் கேட்கவும் கற்றுத்தரும் பயிற்சிகள் 1979-க்குப் பிறகு உருவானதற்கு இத்தகைய விபத்துகளே காரணம். மருத்துவமனைகளில் ஏமி எட்மண்ட்சன் கண்டது இதன் மறுபக்கம். நன்றாக இயங்கும் வார்டுகளில் மருந்து கொடுப்பதில் தவறு குறைவாக இருக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். கணக்கில் அதிகமாக இருந்தது. அங்கே தவறுகள் அதிகம் நடந்திருக்கின்றன என்று கொள்வதைவிட, அங்கிருந்த செவிலியர்கள் அவற்றை மறைக்கவில்லை என்று கொள்வதே பொருத்தம் என்று அவர் முடிவுக்கு வந்தார். உங்கள் நிறுவனத்தில் ஒரு பிரிவிலிருந்து மட்டும் புகாரோ தவறோ வருவதேயில்லை என்றால் பாராட்டுக் கடிதம் எழுதுவதற்கு முன் அங்கே ஒருமுறை போய்வாருங்கள்.

தேற்றுவதைப் பற்றித்தானே கேட்டீர்கள், அதற்கும் இடமுண்டு. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகில் ஆண்டுக்கு 1,200 கோடி வேலைநாள்கள் வீணாகின்றன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இரகசியம் காக்கும் ஓர் ஆலோசகர் ஒருவருக்குப் பேருதவியாக இருக்கலாம். ஆனால் பணிச்சோர்வு வேறு. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் அதை நோய் என்று கொள்ளாமல், சரியாகக் கையாளப்படாத நாட்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே வரையறுத்தது. பிரிட்டனில் 46,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் தரவை ஆராய்ந்து 2024-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தனிநபர்களை நோக்கிய மனநலச் செயலிகளிலும் தளர்வுப் பயிற்சிகளிலும் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட நலமாக இருந்ததற்குச் சான்று காணவில்லை. மூன்று பேர் வேலையை ஒருவர் செய்யும் இடத்தில் மூச்சுப்பயிற்சி வகுப்பு நடத்துவது, ஒழுகும் கூரைக்குக் கீழே இருப்பவர்களுக்குக் குடை வழங்குவதற்கு ஒப்பாகும்.

இத்துறை தானே சறுக்கிய இடங்களும் உண்டு. சிகாகோவுக்கு அருகே ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் நடந்த ஆய்வுகளில், விளக்கொளியைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி கூடியது, கவனிக்கப்படுவதே மனிதரை உழைக்க வைக்கிறது என்ற கதை பல பத்தாண்டுகள் பாடமாகச் சொல்லப்பட்டது. பின்னாளில் அந்தத் தரவுகளைத் தேடியெடுத்து மறுபடி கணக்கிட்டபோது கதை சொல்லும் அளவுக்கு அதில் சத்து இல்லை. எனவே யாராவது உங்களிடம் வந்து ஒரே பயிற்சியில் நிறுவனத்தையே மாற்றிவிடுவதாகச் சொன்னால், எங்கே, எதனோடு ஒப்பிட்டு, எவ்வளவு காலம் அளந்தீர்கள் என்று கேளுங்கள்.

உங்கள் நிறுவனத்துக்கு நான் சொல்வது இதுதான். வரும் உளவியலாளரின் முதல் இரண்டு மாத நாள்களை ஆலோசனை அறைக்குத் தராதீர்கள். அதிகம் பேர் விலகிச் செல்லும் பிரிவில் அவரை உட்காரவிடுங்கள். வேலை எப்படி வருகிறது, யாரிடம் தேங்குகிறது, எதை அளக்கிறீர்கள், எதைச் சொல்ல அஞ்சுகிறார்கள் என்று அவர் பார்க்கட்டும். ஒரு மாற்றத்தை முதலில் ஒரு பிரிவில் மட்டும் செய்து, அதை ஒத்த இன்னொரு பிரிவோடு ஆறு மாதம் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒப்பந்தம் போடும்போதே இரண்டைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்: தனிநபர் அவரிடம் சொன்னது நிர்வாகத்துக்குப் போகாது என்பது ஒன்று, பிரிவைப் பற்றிய அவருடைய அறிக்கை நிர்வாகத்துக்குத் தரப்படும் அதே நாளில் அந்தப் பிரிவின் ஊழியர்களுக்கும் தரப்படும் என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு நிர்வாகம் தயங்கினால், அந்தத் தயக்கத்துக்கு என்ன காரணம் என்பதையே அவருடைய முதல் வேலையாகக் கொடுத்துவிடலாம்.